மூன்றாவது ரேகை

கோர்ட்டு வராந்தாவில் பூர்ணிமாவின் புடவை மடிப்பைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தாள் சங்கவி. கை மடிப்பைப் பிடித்தது, வயிறு எரிந்தது. தடய அறிவியல் கூடத்தின் ரேகைப் பிரிவில் முதலில் சேர்ந்தவள் சங்கவிதான். ஆனால் எந்த வழக்கு வந்தாலும் அதிகாரி புருஷோத்தமன், "கோர்ட்டுக்குப் பூர்ணிமா போவட்டும்மா, அதுக்குத்தான் பேச வருது" என்றுவிடுவார். போட்டோ எடுத்தது நான்தான் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவதோடு சங்கவியின் வேலை முடிந்தது. கல்யாணப் பெண்ணுக்குத் துணைப்பெண் போல.

வழக்கு லேசுப்பட்டதில்லை. தனியாக இருந்த ஆதிலட்சுமியம்மாளைக் கொன்று நகையை எடுத்துப்போன வழக்கு. பீரோக் கண்ணாடியில் மூன்று ரேகைகள் கிடைத்தன. இரண்டு, மாடியில் குடியிருந்து இப்போது கைதாகியிருக்கும் பக்கிரியுடையவை. மூன்றாவது யாருடையதென்று தெரியவில்லை என எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள் பூர்ணிமா.

சங்கவிக்குத் தெரியும். போட்டோவைப் பெரிதாக்கியபோதே தெரிந்துவிட்டது. கட்டைவிரல் ரேகையின் குறுக்கே கோணலாக ஒரு கோடு. காலாப்பட்டில் சின்ன வயதில் சுறா அறுக்கும்போது அரிவாள்மனை பட்ட தழும்பு. "இது இருக்கற வரிக்கும் நான் திருடப் போவ முடியாதுக்கா" என்று ஒருநாள் சாப்பிடும்போது விரலை நீட்டிச் சிரித்தவள் பூர்ணிமாதான். கொலை நடந்த வீட்டில் போன் பேசக் கையுறையைக் கழற்றியவள், மறுபடி மாட்ட மறந்து கண்ணாடியைத் தொட்டிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வந்துபோன எல்லாருடைய ரேகையையும் எடுத்து ஒப்பிட்டார்கள், தங்களுடையதை ஒப்பிட யாருக்கும், பூர்ணிமாவுக்கும்கூட, தோன்றவில்லை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூண்டில் நின்று இவள் திருதிருவென விழிப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

"பயமா இருக்குக்கா" என்றாள் பூர்ணிமா.

"உனக்கு இன்னாடி பயம்? போ."

பூர்ணிமா கூண்டில் ஏறியதும் பக்கிரியின் வக்கீல் தேவதாஸ் நேராக மூன்றாவது ரேகைக்குத்தான் வந்தார். "மூணாவது ரேகை யாருதும்மா?"

"தெரியலைங்க ஐயா."

"அப்ப கொன்னது அந்த ஆளா இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியும்னு நான் சொல்ல மாட்டேங்க."

நீதிபதி பேனாவை நிறுத்தி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மெச்சுவதுபோலத் தலையசைத்தார். வராந்தா பெஞ்சிலிருந்து திறந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுந்தாலும் இவள் மீசையில் மண் ஒட்டாது போலிருக்கிறதே!

பக்கத்தில் இருந்த நிர்மலாதேவி, செத்துப்போனவளின் மகள், சங்கவியின் கையைப் பிடித்தாள். "யம்மா, அப்ப பக்கிரிய உட்டுருவாங்களா?"

சங்கவி பதில் சொல்லுமுன் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போட்டோவைப் பற்றிய கேள்விகள் சீக்கிரமே முடிந்தன. ஜெயித்த களிப்பில் இருந்த தேவதாஸ் போகிற போக்கில் கேட்டார்: "நீங்களும் ரேகை பாக்கறவங்கதான? உங்களுக்காச்சும் தெரியுமா, அது யாருதுன்னு?"

சொன்னால் பக்கிரி தப்ப முடியாது. பூர்ணிமா இன்றோடு முடிந்தாள். இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டதும் அதுதானே. ஆனால் அடுத்த கேள்வி, தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று வரும். அதற்குச் சொல்ல அவளிடம் பொறாமையைத் தவிர வேறு காரணம் இல்லை. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பயப்படுகிறாள் என்று பூர்ணிமா நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த கடைசி வரிசையிலிருந்து சிரித்தபடி, தைரியமாகச் சொல்லுங்கள் என்பதுபோல வலதுகைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவு தூரத்தில் தழும்பு கண்ணுக்குத் தெரிய வழியில்லை. சங்கவிக்குத் தெரிந்தது.