இரண்டு தலை ஒயர்

அந்தத் தெருவில் சலூன்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. எல்லோருக்கும் அவர் ரேடியோ. கழுத்தில் துணியைக் கட்டியதில் தொடங்கி, முடியை உதறி அனுப்பும் வரை அவர் வாய் ஓயாது. காலையில் ஒரு பாம்பைப் பார்த்தால், மாலையில் கடைசியாக வரும் ஆளிடம் அது மலைப்பாம்பாகியிருக்கும். அதனால் அவர் சொல்வதில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் தெரு கேட்கும். அது அவருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவையாவது தான் சொல்வதை இந்த ஜனம் அப்படியே நம்பாதா என்ற ஏக்கம் மட்டும் உள்ளுக்குள் இருந்தது.

புயல் ஓய்ந்த காலையில் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கடைக்கு எதிரே பஸ் நிறுத்தம். அதன் பக்கத்துக் கம்பத்திலிருந்து அறுந்த ஒயர், கீழே தேங்கிய மழைத்தண்ணீருக்குள் முனையை விட்டுக் கிடந்தது. தெருவில் எந்த வீட்டிலும் மின்சாரம் இல்லை.

மின்சார அலுவலகத்துக்கு போன் போட்டார். ஊரில் பாதி இடத்தில் ஒயர் அறுந்திருக்கிறது, வர நேரமாகும், அதுவரை யாரையும் கிட்டே விடாதீர்கள் என்றார்கள்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து மனைவியின் குரல் வந்தது. அவள் தையல்காரி. ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடைகளை மதியத்துக்குள் தைத்துத் தந்தாக வேண்டும்.

"ஏங்க, ஜெனரேட்டரைப் போட்டுக் குடுத்துட்டுப் போங்க."

"நீயே போட்டுக்கோ. ஒயர் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. நான் போகலைன்னா அங்க எவனாவது செத்துத் தொலைவான்."

காத்திருக்கும் ஆட்கள் உட்காரும் பெஞ்சுகளை இழுத்துவந்து ரோட்டில் போட்டார். தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளிக் கயிறு கட்டி, சலூனில் இருந்த சிவப்புத் துண்டுகளையெல்லாம் அதில் தொங்கவிட்டார். பிறகு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது.

"தெருவுலயே கரண்ட் இல்ல. செத்த பாம்புக்கு எதுக்கு ரேடியோ காவல்?"

"செத்துச்சா இல்லையான்னு தொட்டாத்தான் தெரியும். நீ தொடுறியா?"

கேட்டவன் தொடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போனான்.

மசியாத ஆள் ஒருவர்தான். நான்காவது வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ரேடியோவின் வார்த்தையை எந்தக் கவரில் போட்டாலும் முகவரிக்குப் போய்ச் சேராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். கையில் கம்பி வைத்த நீளக் குடையோடு வந்தவர், கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

"சார், போகாதீங்க."

"உன் வாய்க்குப் பயந்தா தெருவுல நடக்க முடியாது. தள்ளு, ஒயரை ஓரமா ஒதுக்கி விட்டுட்டுப் போறேன்."

குடையை நீட்டிக்கொண்டு அவர் தண்ணீரை நோக்கி நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் கைகொடுக்கவில்லை. ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். எழுந்த போஸ்ட் மாஸ்டர் வாயில் வந்தபடியெல்லாம் திட்டினார். பத்து மணி வரை திட்டினார்.

அப்போதுதான் மின்சார அலுவலக வண்டி வந்தது. லைன் வேலை பார்க்கும் பெண்ணும் உதவியாளரும் இறங்கினார்கள். அவள் நேரே டிரான்ஸ்பார்மருக்குப் போய் அந்த லைனின் ஃப்யூஸைப் பிடுங்கினாள். திரும்பி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, நீளக் கழியின் நுனியில் இருந்த டெஸ்டரை ஒயரிடம் நீட்டினாள். அது சிவப்பாக எரிந்து கீச்சிட்டது.

வேடிக்கை பார்த்தவர்கள் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

"ஃப்யூஸைப் பிடுங்கியாச்சு. அப்பவும் ஒயர்ல கரண்ட் இருக்கு," என்றாள் அவள். "யாரோ ஜெனரேட்டரை வீட்டு பிளக்குல சொருகி வெச்சிருக்காங்க. மெயின் ஸ்விட்சை எறக்காம அப்படிப் போட்டா, அந்தக் கரண்ட் வீட்டுக்குள்ளயே நிக்காது. வெளியே ஒயருக்கு வந்துரும்."

"அதான் எங்க வீட்டு பாத்ரூம் பல்பு காலையிலேருந்து மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுதா?" என்றார் போஸ்ட் மாஸ்டர். தன் குடையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், முகம் வெளுத்தது. ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொன்னது அத்தனையும் நிஜம்யா."

தெருவே ரேடியோவை மரியாதையாகப் பார்த்தது. எத்தனை வருஷமாக ஏங்கிய பார்வை! ஆனால் அந்த நேரம் பார்த்து, கடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் டுபுடுபுவென்று ஓடுவது அவர் காதில் விழுந்தது.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த அந்த ஒயரை அவரேதான் செய்தார். ஒரு தலை ஜெனரேட்டரில், மறு தலை சுவரில். வீடு முழுக்க மின்சாரம். மெயினை இறக்கிவிட்டுத்தான் எப்போதும் சொருகுவார். ஆனால் எப்போதும் அவர்தான் போடுவார். இன்று ஊரைக் காப்பாற்றும் அவசரத்தில் மனைவியிடம் மெயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரெல்லாம் பேசுகிறவர், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

நைசாகப் போய் நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. நாலு எட்டு எடுத்தும் வைத்தார். அப்போதுதான் மளிகைக் கடைக்காரர் கண்ணில் பட்டார். பீற்றிக்கொள்வதற்காக அவருக்கும் அதே மாதிரி ஒன்று செய்து கொடுத்திருந்தார். மாவு மில்காரருக்கும். இன்று வாயை மூடினால் அடுத்த புயலில் அந்த ஒயர்கள் யாரைத் தின்னுமோ. ரேடியோ திரும்பி வந்தார்.

"அது என் வீட்டு ஜெனரேட்டர்தாம்மா. ஒயரைச் செஞ்சதும் நான்தான்."

கூட்டம் சிரித்தது.

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றார் போஸ்ட் மாஸ்டர். "எல்லாக் கதையிலயும் நீயே இருக்கணுமா?"

அவமானத்தைவிட, உண்மையைச் சொன்னபோதும் நம்பாததுதான் அவரை அதிகம் சுட்டது. உள்ளே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். டுபுடுபு அடங்கியது. தெருவில் டெஸ்டரின் கீச்சொலியும் அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஒயரைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே மனைவியும் வந்தாள்.

"எங்ககூட வேலை பாத்த ஒருத்தர் இப்படித்தான் போனாரு," என்றாள் லைன் வேலை பார்க்கும் பெண். "டெஸ்ட் பண்ணாம தொட்டுட்டாரு. உங்களைத் திட்டணும்னுதான் வாய் வருது. ஆனா நீங்க நாலு மணி நேரம் இங்க உக்காரலைன்னா நான் பொணத்தைத்தான் பாத்திருப்பேன்."

ரேடியோவின் கண் கலங்கிவிட்டது. மனைவியின் துணி வெட்டும் கத்தரியைக் கேட்டார். "ஒயரை வெட்டவா? மொனை போயிரும்," என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவந்து கொடுத்தாள். அவருடையதை அங்கேயே நறுக்கினார். மளிகைக் கடைக்காரரும் மில்காரரும் தங்களுடையதைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். தையல் மிஷினை நேராக ஜெனரேட்டரிலேயே சொருகிக்கொண்டாள் மனைவி. சீருடைகள் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன.

மூன்று ஒயரின் தலைகளும் சலூன் கண்ணாடிக்கு மேலே தொங்குகின்றன. என்னவென்று கேட்கிறவர்களுக்கு ரேடியோ கதையைச் சொல்வார். எங்கே நீளப் போகிறது என்று போஸ்ட் மாஸ்டர் மூலையில் பேப்பரைப் பிடித்தபடி காத்திருப்பார். இதுவரை ஒரு வார்த்தை கூடியதில்லை. தன் தப்பில் ஒரு வார்த்தை குறைந்ததும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் தெருக்கோடியில் இன்னொரு ஒயர் அறுந்தது. சலூனிலிருந்து பெஞ்சுகளை முதலில் தூக்கிக்கொண்டு ஓடியவர் போஸ்ட் மாஸ்டர். எதற்கு இதெல்லாம் என்று ஒரு வெளியூர்க்காரன் கேட்டான்.

"ரேடியோ சொல்லியிருக்காருப்பா," என்றார் அவர். "தள்ளி நில்லு."