பால்கக்கியின் வலது பக்கம்

இதுவும் நேராக இருந்துவிடக் கூடாது. இந்த ஒன்றாவது முறுக்கிக்கொண்டிருக்கட்டும். எட்டு நேராக இருந்துவிட்டது, அதைத் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒன்பதாவது மட்டும் எனக்காக இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும்.

அறுத்துப் பார்க்கிறவள் அறுபடுகிறதிடம் கெஞ்சக் கூடாது என்று பூமேஸாவுக்குத் தெரியும். தெரிந்தும் கெஞ்சினாள். ஊசிமுனையால் சவ்வை ஓரமாக ஒதுக்கினாள். நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்துக்குள் மஞ்சளும் சாம்பலுமாக உறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. விந்தைச் சேர்த்துவைக்கும் சிறு பை, பயறளவுகூட இல்லை. அதிலிருந்து புறப்படும் குழாய், தலையின் வலது பக்கத் துளைவரைக்கும் போகிற குழாய். இழுத்துப் பிடித்த நூல்போல நேராகப் போயிற்று.

கண்ணை எடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். விடுமுறைக்கு மூடிய பள்ளிக்கூடத்தின் நான்காம் வகுப்பு அது. குழந்தைகளின் உயரத்துக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவளுக்கு ஐந்து நாளாகிறது. கரும்பலகையில் யாரோ எழுதிவைத்த பெருக்கல் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. வெளியே டிசம்பர் வெயில். அதற்கும் அப்பால் லுபாந்தி ஊரின் பாறைத்திட்டு, நீர் வடிந்து கறுப்பாக. அதன்மேல் குனிந்த முதுகுகள். அதில் ஒன்று அம்மாவினுடையது.

கவிழ்த்த தொப்பி போன்ற ஓட்டோடு பாறையை இறுக்கிக்கொண்டிருக்கும் சிப்பிகளை அந்தப் பெண்கள் இரும்புப் பட்டையால் நெம்பி எடுப்பார்கள். அவற்றுக்கு நடுவே அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றும் உட்கார்ந்திருக்கும். தொட்டால் விளிம்பிலிருந்து வெள்ளையாகக் கக்கும். கையில் ஒட்டும், வாயில் வைத்தால் கசக்கும். பால்கக்கி என்று சொல்லி அதை விட்டுவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பொய்ச்சிப்பி என்று பெயர், ஏனென்றால் அது சிப்பியின் உறவே இல்லை, தோட்டத்து நத்தையின் உறவு. ஓட்டின் வலது பக்கம் மட்டும் லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் கீழேதான் அதன் நுரையீரல். நீர் ஏறினால் செவுளால், நீர் இறங்கினால் நுரையீரலால். கடலிலும் முழுசாக இல்லாமல் கரையிலும் முழுசாக இல்லாமல் அது பிழைத்துக்கொள்கிற விதம் பூமேஸாவுக்கு முதல் நாளிலிருந்தே பிடித்திருந்தது. ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே பேருந்தில் கழிந்த எட்டு வருஷத்தை அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

ஓட்டை நம்பி அதற்கு இனம் பிரிக்க முடியாது. அலை அடிக்கிற இடத்தில் உயரமாக வளரும், குட்டையில் தட்டையாக வளரும். ஓட்டின் வரிகளை மட்டும் எண்ணிவிட்டு ஒரே உயிருக்கு ஐந்தாறு பெயர் வைத்து, பிறகு வெட்கத்தோடு அழித்தவர்கள் உண்டு. உள்ளே திறந்து, வலது பக்கத்து உறுப்புகளின் அளவையும் வளைவையும் பார்த்துத்தான் இது இன்னது என்று சொல்ல வேண்டும். செப்டம்பரில் அவள் இங்கே எடுத்த பன்னிரண்டிலும் அந்தக் குழாய் இரண்டு முறை முறுக்கிக்கொண்டு கிடந்தது. தெரிந்த எந்த இனத்திலும் அப்படி இல்லை. அவள் வரைந்த படத்தைப் பேராசிரியர் ஃபுரி நாள் முழுக்க மேஜையில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அந்தப் படத்தின்மேல்தான் இப்போது எல்லாம் நிற்கிறது. விடுமுறை விடுதி கட்டும் கம்பெனி, படகுத்துறைக்காக அந்தப் பாறைத்திட்டை வெடிவைத்துத் தகர்க்கப்போகிறது. வெள்ளிக்கிழமை விசாரணை. வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று இந்தத் திட்டில் இருக்கிறது என்று காட்டினால் நிறுத்திவைப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அங்கே சிப்பி எடுக்கும் பெண்களின் மனு மட்டும்தான். மனுவை மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். கூடுதலாகச் சிலதை அறுத்து வரைந்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்றுதான் பேராசிரியர் அவளை மறுபடி கூட்டிவந்தார். இன்று மூன்று மணிக்கு டிரைவர் காகிதங்களோடு கிளம்ப வேண்டும்.

செப்டம்பரில் உப்புத் தீர்ந்துபோயிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. எப்சம் உப்புக் கரைசலில் ஒரு இரவு போட்டுவைத்தால் அந்த உயிர் மரத்துப்போய் உடலைத் தளரவிடும். அதன் பிறகுதான் சாராயத்தில் போட வேண்டும். நேரே சாராயத்தில் போட்டால் பயந்து சுருங்கி அப்படியே இறுகிவிடும், உள்ளே இருப்பதெல்லாம் மடங்கி நெளிந்துவிடும். அன்று கடையில் உப்பு இல்லை, வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒருமுறைதானே என்று பன்னிரண்டையும் உயிரோடு சாராயத்தில் போட்டு மூடினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முறுக்கைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தில் அவளுக்கே அது மறந்துபோயிற்று. அல்லது மறக்கட்டும் என்று விட்டுவிட்டாளா? ஐந்து நாளுக்கு முன் கடையிலிருந்த எப்சம் உப்புப் பொட்டலங்களை மொத்தமாக வாங்கியபோது, "ஏம்மா, ஒங்க காலேஜுக்கே மலச்சிக்கலா?" என்று கடைக்காரன் சிரித்தான். அவளும் சிரித்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்த பிறகு ஏன் நின்றுவிட்டாள் என்று அப்போது அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் சிரிப்புச் சத்தம். அம்மாவும், அவளோடு சிப்பி எடுக்கும் மாச்செலேயும் ஈரப் பாவாடையோடு உள்ளே வந்தார்கள். சாக்கை வாசலிலேயே இறக்கிவிட்டு, துணியில் கட்டிய கிண்ணத்தை அம்மா பெஞ்சில் வைத்தாள். உடைத்த சோளமும் பயறும், இன்னும் சூடாக.

"சாப்பிடு. கண்ணு குழி விழுந்துபோச்சு."

மாச்செலே கண்ணாடித் தட்டை எட்டிப் பார்த்தாள். "இதுல எது ஆம்பள, எது பொம்பள?"

"ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு, அத்தே."

"ரெண்டுமா? அப்ப வீட்ல சண்டையே வராதே. மாமியாரும் கெடயாது." அவள் அம்மாவை இடித்தாள். "பொறந்தா இப்படிப் பொறக்கணும், மாம்பேலே. இல்ல இல்ல, வாதிஸ்வா!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் வீட்டார் அவளுக்கு நோசகேலே என்று பெயர் வைத்துவிட்டார்கள், எல்லா மருமகளுக்கும் வைப்பதுபோல. பிறந்தவீட்டுக் குலத்தைச் சொல்லி மாம்பேலே என்று கூப்பிடுவார்கள். வாதிஸ்வா என்ற பெயரை முப்பத்துநான்கு வருஷமாக யாரும் சொன்னதில்லை. புது இனத்துக்கு உன் அம்மா பெயரை வைக்கலாமா என்று பேராசிரியர் கேட்டபோது, எந்தப் பெயர் என்று பூமேஸா அம்மாவிடம் கேட்கவேண்டியிருந்தது. அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே அந்தப் பெயரைச் சொன்னாள், யாரோ தூரத்து உறவுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. இப்போது திட்டிலுள்ள பெண்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதித்தே திரும்புகிறாள்.

"நாப்பது பொம்பளைங்க கத்தினோம், ஒருத்தன் காதுலயும் விழல. வெள்ளிக்கிழம இந்தப் பால்கக்கி பேசப்போவுது. கேப்பாங்களாம்" என்றாள் அம்மா. "கேக்கட்டும். யார் பேசினா என்ன?"

மாச்செலே சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அம்மா பின்னால் போனாள். சோளம் ஆறியது.

பேராசிரியர் வந்தபோது மணி இரண்டு. கையில் தட்டச்சு செய்த தாள். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது அவருக்கு. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"எத்தன பாத்தே?"

"ஒம்பது."

"ம்?"

"எல்லாமே நேரா இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிரும்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"செப்டம்பர்ல உப்புல போட்டே இல்ல?"

போட்டேன் என்று ஒரு சொல் இருந்தது. நாக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சொன்னால் இரண்டு விதமான உயிர்கள் இந்தத் திட்டில் இருப்பதாகிவிடும், அவர் இன்னும் சந்தோஷப்படுவார். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று பூமேஸா பார்த்தாள்.

"போடல."

ஜன்னலுக்கு வெளியே வண்டியின் கதவை டிரைவர் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பவே சொல்லியிருக்கணும் நீ."

"ஆமா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். "இது புது இனம் இல்லன்னு உன்னால சொல்ல முடியுமா?" என்றார் மெதுவாக.

"முடியாது."

"என்னாலயும் முடியாது. முட்டைய வளத்துப் பாக்கணும், பக்கத்து வளைகுடாவுல எடுத்து ஒப்பிடணும். ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள திட்டு இருக்காது. தப்பான படத்த பின்னால திருத்தலாம், பூமேஸா. நம்ம தொழில்ல எத்தன பேர் திருத்தியிருக்காங்க. வெடிச்ச பாறைய யார் திருத்துவா?" அவர் தாளை அவள் முன்னால் வைத்தார். "செப்டம்பர் படம் மட்டும் போதும். இதுல ஒரு வரிதான். எல்லாத்தையும் தளரவிட்ட பெறகுதான் பதப்படுத்தினோம்னு. எடுத்தவ நீ. நீ கையெழுத்துப் போடணும்."

"நீங்க போடுவீங்களா?"

அவர் தாளின் கீழ்ப் பகுதியைக் காட்டினார். அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. காலையில் போட்டிருக்க வேண்டும், தெரிவதற்கு முன்னால். அதை அடிக்க அவர் கை நீளவில்லை. "வண்டிகிட்ட இருக்கேன்" என்று வெளியே போனார். வாசலில் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். அதற்குப் பதில் வந்தது அம்மாவின் குரலில்.

அம்மா தனியாக உள்ளே வந்தாள். சாக்கு இல்லை. கைகள் கழுவாமல் இருந்தன, விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"காட்டு."

பூமேஸா எழுந்து இடம் விட்டாள். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு அந்தக் கண்ணைத் திறந்து இந்தக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அவளுடைய கழுத்தின் பின்புறத்தில் உப்பு பூத்திருந்தது.

"எது?"

"வலது பக்கம். பையிலேர்ந்து வருது பாரு, மெல்லிசா."

"நேராத்தான் இருக்கு."

"ஆமா."

"முறுக்கா வரஞ்சது?"

"அது பயத்துல முறுக்கிக்கிச்சு, மா. நான்தான் அப்படிப் பண்ணிட்டேன்."

அம்மா நிமிர்ந்தாள். பெஞ்சிலிருந்த தாளைப் பார்த்தாள், அவளால் வாசிக்க முடியாத தாள். விரலை அதன்மேல் வைக்கப்போய், கறை படும் என்று இழுத்துக்கொண்டாள்.

"இதுனால யாருக்கு நஷ்டம்? சொல்லு. அந்தப் பூச்சிக்கா?"

யாருக்கு நஷ்டம் என்று பூமேஸாவும் இரண்டு மணி நேரமாகத் தேடிக்கொண்டுதான் இருந்தாள். கம்பெனிக்காரனுக்காக அவள் வருந்தப்போவதில்லை. விஞ்ஞானம் என்பது அவளுக்கு எப்போதுமே மற்றவர்களின் வீடு, அங்கே காலணியை எங்கே விடுவது என்று இன்னும் பார்த்துப் பார்த்துத்தான் நுழைகிறாள். ஆனால் இந்த வெளிச்ச வட்டம் அப்படியில்லை. இதற்குள் பார்க்கிறபோது மட்டும் அவள் யாருடைய மகளும் இல்லை, யாருடைய மாணவியும் இல்லை. இருப்பது இருக்கிறது, அவள் பார்க்கிறாள். இதையும் கொடுத்துவிட்டால் திரும்பிப் போக அவளுக்கு வேறு இடம் எது? நாற்பது பெண்களின் கஞ்சிக்கு எதிரே வைத்துப் பேசத் தகுந்த காரணமா இது? இல்லை. அதனால்தான் அவள் அதை வாயால் சொல்லவில்லை.

"என் பேரு அதுக்கு வேணாம்னா வேணாம்" என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது. "எடுத்துடு. பேர் இல்லாமதான் இத்தன வருஷம் இருந்தேன். முறுக்க மட்டும் விட்டுடு, எம்பொண்ணே."

வெளியே வண்டி ஒருமுறை ஹாரன் அடித்தது.

பூமேஸா உட்கார்ந்தாள். முழங்கால் பெஞ்சில் இடித்தது. ஜன்னலோரத்தில், உப்புக் கரைசல் நிறைந்த கண்ணாடித் தட்டில் பத்தாவது கிடந்தது, நேற்றிரவு போட்டது. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். வைக்க இடம் இருந்தது, பெஞ்சு நீளமானது. அவள் அதைத் தாளின்மேல் வைத்தாள். தட்டின் அடியிலிருந்த ஈரம் வட்டமாகப் பரவி, கையெழுத்துக்காகப் போட்டிருந்த கோட்டைத் தொட்டு, பக்கத்தில் பேராசிரியரின் மையையும் மெல்லக் கலைத்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஹாரன் இரண்டாம் முறை அடித்தது.

"மா, கொஞ்சம் தள்ளி நில்லு. வெளிச்சம் மறைக்குது."

அம்மா உடனே நகரவில்லை. பூமேஸா நிமிர்ந்து பார்க்கவும் இல்லை, காத்திருந்தாள். பிறகு ஈரப் பாவாடையின் உரசல் கேட்டது, இரண்டு அடி, மூன்று அடி. கதவுவரைக்குமா, ஜன்னல் ஓரத்துக்குத்தானா என்று தெரியவில்லை. தட்டின்மேல் வெயில் விழுந்தது. மல்லாந்து கிடந்த உயிர் தன் முழுப் பாதத்தையும் நீருக்குள் மலர்த்திவிட்டிருந்தது. ஊசிமுனையால் அதன் வலது விளிம்பைத் தொட்டாள். அது சுருங்கவில்லை.