மூன்றாம் மேசையின் வேட்பாளர்

விடியற்காலை ஐந்து மணிக்கு இறால் வந்து இறங்கும். பெட்டியைக் கவிழ்த்ததும் மேசை முழுக்க ஐஸ் சரியும். அதற்குள் கையை விட்டுத் துழாவி, தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை நகத்தால் இழுத்துப் போட வேண்டும். முதல் கால் மணி நேரம் விரல் வலிக்கும். அப்புறம் வலியும் தெரியாது, விரலும் தெரியாது. கையுறை போட்டால் வேகம் வராது என்பார் சூப்பர்வைசர். அவருக்கென்ன, அவர் கை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் சுகமாக இருக்கும்.

மூன்றாம் மேசையில் நாங்கள் பத்துப் பேர் உரிப்போம். மேசைக் கடைசியில் எடை போடுகிற என் அண்ணி பதினோராவது ஆள். வருகைப் பதிவேடு ஆறு மணிக்குத்தான் வரும். அந்நேரம் எவள் விரலிலும் பேனா நிற்காது. நின்றாலும் தாள் நனைந்து கிழியும். அதனால் ஈரமில்லாத கைக்காரியான அண்ணியே பதினோரு பேருக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவாள். பதினோரு வருஷப் பழக்கம். ஆலையில் அவளுக்குப் பேரே பேனாக்காரி.

எங்கள் தலைக்கு மேல் குளிரூட்டும் குழாய் போகிறது. உள்ளே அமோனியா. ஏழு மாதத்துக்கு முன் அதன் இணைப்பு விட்டு என் முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. போனது போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போனது என் கண். குழாயை மாற்றவில்லை. கந்தைத் துணியைச் சுற்றிக் கம்பி கட்டி வைத்தார்கள். இன்றைக்கும் அது புஸ் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. மனுமேல் மனுவாகக் கொடுத்தோம். கிணற்றில் போட்ட கல்.

அப்புறம் ஒருநாள் சுவரெல்லாம் முதலாளியின் சிரித்த முகம் முளைத்தது. சட்டமன்றத்துக்கு நிற்கிறாராம். கீழே 'உழைப்பவர் தோழன்' என்று போட்டிருந்தது.

"அப்ப நாமளும் ஒருத்திய நிறுத்துவோம்," என்றாள் எங்கள் மேசை வாயாடி. சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"ஜெயிக்கவா போறோம்?" என்றாள் அண்ணி.

"ஜெயிக்க வேணாம். வேட்பாளர்னு ஆயிட்டா தெருத்தெருவா மைக் பிடிச்சுக் குழாயப் பத்திப் பேசலாம்ல? அப்ப யாரு நம்ம வாயை மூடுறது?"

அண்ணி நிற்பதென்று ஆயிற்று. மலையோடு முட்டினால் மண்டைதான் உடையும் என்று என் அண்ணன் இரண்டு நாள் புலம்பினான். மூன்றாம் நாள் அவனே சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச உட்கார்ந்தான்.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள்தான் படிவம் கைக்கு வந்தது. சுயேச்சையாக நிற்பவரைத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும்.

"நம்ம மேசைய எண்ணிப் பாத்துத்தான் சட்டமே போட்டிருக்காங்க," என்றாள் வாயாடி. அன்றைக்கு அதற்குச் சிரித்தோம்.

அண்ணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் வெளியே போக அனுமதி கிடைத்தது. எங்கள் கை முழங்கை வரை ஐஸுக்குள் இருந்தது. அவள் படிவத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போது என் பாழாய்ப்போன வாய்தான் சொன்னது: "கையெல்லாம் ஈரம் அண்ணி. தாள் வீணாப் போயிடும். தினம் போடுறதுதானே, நீயே போட்டுட்டு ஓடு." பத்துப் பேரும் தலையாட்டினோம். அவளும் மளமளவென்று பத்துப் பேர் கையெழுத்தையும் போட்டுக்கொண்டு ஓடினாள். அதில் தப்பிருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பரிசீலனை. அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பதினோரு பேரும் போனோம். முதலாளியின் வக்கீல் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார். எங்கள் வருகைப் பதிவேடு. பதினோரு வருஷமாக ஒரே கை. படிவத்திலும் அதே கை.

அதிகாரி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக்காட்டச் சொன்னார். எதுவும் எதோடும் ஒட்டவில்லை.

"இது நீங்க போட்டதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லீங்க. ஆனா எங்க சம்மதத்தோடதான் அண்ணி போட்டாங்க. இப்ப வேணா எல்லாரும் போட்டுத் தர்றோம் சார்."

"தாக்கல் நேரம் நேத்தே முடிஞ்சு போச்சும்மா. சம்மதம் வேற, கையெழுத்து வேற." அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது என் கண்ணைப் பார்க்காமல் தாளைத்தான் பார்த்தார். மனு தள்ளுபடி.

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தோம். எங்கே போவது, யாரிடம் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. என் நாக்கை நானே அறுத்துப் போடலாம் போலிருந்தது. முதலாளி இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"என்னம்மா, வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு வரலாமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஏழு மாசமாச் சொல்றோம்," என்றேன்.

"குழாய்தானே? தேர்தல் முடியட்டும், பாத்துக்கலாம்."

அண்ணி எழுந்தாள். "ரிஜிஸ்டர்ல எல்லாம் என் கைதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலேருந்தே தெரியுமேம்மா."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் சுவரொட்டிச் சிரிப்பைச் சிரித்துவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது அண்ணி சொன்னாள்: "ரிஜிஸ்டர்படி பாத்தா பதினோரு வருஷமா அந்த மேசைல நான் ஒருத்திதான் வேலை பாத்திருக்கேன். உன் கண்ணு போன அன்னிக்கு நீ அங்க இருந்தேங்கிறதுக்கு உன் கையால ஒரு எழுத்து இல்ல. ஒத்தாசைன்னு நெனச்சு உங்களையெல்லாம் நானே இல்லாம ஆக்கிட்டேன்டி." அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை ஐந்து மணி. பெட்டி கவிழ்ந்தது, ஐஸ் சரிந்தது. வரும் வழியில் பேசிக்கொண்டபடி பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"என்ன வேடிக்கை? கைய வைங்க," என்றார் சூப்பர்வைசர்.

"கை ஈரமாகுறதுக்கு முன்னால ரிஜிஸ்டர் வரணும்," என்றாள் அண்ணி.

"பேனாக்காரி, நீ போட்டா ஆச்சு."

"நான் எனக்கு மட்டுந்தான் போடுவேன்."

"சரக்கு கெட்டா யாரு பொறுப்பு?"

"கண்ணு கெட்டப்ப யாரு பொறுப்பெடுத்தா?" என்றாள் வாயாடி.

சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஐஸ் உருகி மேசை விளிம்பிலிருந்து எங்கள் காலில் சொட்டியது. வேலை போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அண்ணி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். குழாயை மாற்றச் சொல்லும் மனு. கீழே வெறும் இடம். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

பேனா பிடித்து எத்தனை நாளாயிற்று. ஒற்றைக் கண்ணில் கோடு நேராகத் தெரியவில்லை. என் பேர் ஏணி சாய்ந்த மாதிரி இறங்கிப் போயிற்று. ஆனாலும் அது என் பேர். அடுத்தவளிடம் பேனாவைக் கொடுத்தேன்.

தலைக்கு மேலே குழாய் புஸ்ஸென்றது. வெளியே காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான்காம் மேசையில் ஒருத்தி ஐஸிலிருந்து கையை எடுத்து, முந்தானையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"பேனா ஒண்ணுதானா இருக்கு?" என்று கேட்டாள்.