பாலத்தில் பத்து நிமிடம்

எதிர்வீட்டுப் பல்செட்காரர் தன் ரேஸ் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் தேட ஆரம்பித்து அது ஏழாவது வாரம். வீடு வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு இழுக்க மாட்டார்கள். என் சமையலறை ஜன்னலும் அவர் வேலை செய்யும் அறையின் ஜன்னலும் நேருக்கு நேர். நான் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. ஆனால் பாத்திரம் கழுவும்போது கண்ணை எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும்?

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். ஜன்னல் திட்டில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாகக் காயும். இருபது முப்பது வாய்கள் எந்நேரமும் இளித்துக்கொண்டிருக்கிற அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மகளுக்குப் பிரசவம், ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போன மனைவி, பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. நான் விசாரிக்காமலா இருப்பேன்? ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். இவர் "ம்... சாப்பிட்டேன்... ம்" என்பார். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். எப்போது வருகிறாய் என்று இவர் கேட்பதில்லை, அந்த அம்மாவும் சொல்வதில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடுமே என்கிற பயமாக இருக்கலாம்.

மற்றபடி அவருக்கு இருந்த ஒரே கூட்டம் ஞாயிறு காலைச் சைக்கிள் கூட்டம். பதினொரு பேர். என் கொழுந்தனும் அதில் ஒருத்தன். ஓட்டி முடித்ததும் நேராக இங்கே வந்து, வியர்வையோடு தலைக்கவசத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டுவான். எனக்கு உலகம் தெரிவது அவன் வழியாகத்தான்.

ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பல்செட்காரர் எப்போதும் பின்தங்கிவிடுவார். பத்துப் பேரும் பாலத்தின் உச்சியில் நின்று அவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் மூச்சு வாங்க ஏறி வந்ததும் கை தட்டுவார்கள். "வந்துட்டீங்களா சார், டிபனை முடிச்சுட்டே வந்திருக்கலாமே!" என்று ஒருத்தன். வாழைப்பழத்தைப் பிட்டுப் பாதியை நீட்டுவான் இன்னொருத்தன். மேடம் எப்ப வர்றாங்க, பேத்தி எப்படி இருக்கா என்று பத்து நிமிடம் போகும். ஒரு நாள் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சார், பேசாம சக்கரத்தை மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான். ஆனால் மறுநாளே சைக்கிள் கடையில் போய் நின்றார்.

கடைக்காரர் வாயாடி. "சக்கரத்துல கால் கிலோ குறைக்க இவ்வளவு செலவு சார். வயித்துல குறைச்சா இலவசம்" என்றாராம். ஆனாலும் பழகிய வாடிக்கை என்று இரண்டு ஜோடியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒன்று கார்பன், விளிம்பு நாலு விரல் அகலத்துக்கு இறங்கியிருந்தது. சமதரையில் பறக்குமாம், பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் ஆளைத் தள்ளுமாம். இன்னொன்று ஒல்லி, தூக்கினால் காற்று மாதிரி, ஏற்றத்துக்கு என்றே செய்தது. தாடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, எங்கேயாவது கோணுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். மயிரிழை வித்தியாசத்தில் கடைவாய்ப்பல் உரசாமல் இழைக்கிற விரல், சட்டென்று திருப்திப்படுமா?

அந்த ஏழாவது வாரத்தில் ஒரு நாள் அவரே ஜன்னல் வழியாகக் கேட்டார். எட்டு வருடத்தில் என்னிடம் அவராக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு எது நல்லாருக்குன்னு தோணுது?"

"ரெண்டும் வட்டமாத்தான் இருக்கு" என்றேன். என் வாய் அப்படி.

அவர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணுதாங்க வேணும். பாலத்துல யாரும் எனக்காக நிக்கக் கூடாது."

"அப்போ அந்த ஒல்லிதான்."

ஒல்லியையே வாங்கினார். பழைய சக்கரம் மிதிக்காமல் உருளும்போது டிக் டிக்கென்று தெருமுனையிலிருந்தே ஆள் வருவதைச் சொல்லிவிடும். புதியதில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சக்கரம் மட்டுமா, மனுஷனும் மாறிவிட்டார் என்றான் கொழுந்தன். முதல் ஞாயிறே பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டாராம். எல்லாரும் 'ஓ'வென்று கத்தினார்களாம். அதற்கு அடுத்த ஞாயிறு யாரும் கத்தவில்லை. நிற்க வேண்டிய காரணமே இல்லாததால் பாலத்தில் நிற்பதே நின்றுபோனது. குனிந்த தலை நிமிராமல் போய், அப்படியே கலைந்து அவரவர் வீட்டுக்கு. எட்டேகாலுக்கு வீடு வந்து சேருகிற பல்செட்காரர் ஏழே முக்காலுக்கே வந்தார். குளித்து, சட்டை மாற்றி, போனை எதிரில் வைத்துக்கொண்டு எட்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மூன்று ஞாயிறும் பார்த்தேன். அந்த முக்கால் மணி நேரத்தை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நாலாவது சனிக்கிழமை மத்தியானம் துணி உலர்த்தப் போனேன். எதிர்வீட்டு வாசலில் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் புதுச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழைய ஜோடி துடைத்துச் சாய்த்து வைத்திருந்தது.

"என்னங்க, புதுசு சரியில்லையா?"

"ரொம்ப நல்ல சக்கரம்" என்றார். "இப்பல்லாம் பாலத்துல யாரும் நிக்கறதில்லை."

"அதைத்தானே நீங்க கேட்டீங்க?"

"ஆமா." விரலில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தார். "அதையேதான் கேட்டேன்."

நான் ஈரத்துணியோடு கொடிப் பக்கம் போனேன்.

ஞாயிறு விடியும்போது டிக் டிக்கென்று அவர் கிளம்பிப் போவது படுக்கையிலேயே கேட்டது. எட்டு மணிக்குக் கொழுந்தன் வந்தான். வழக்கம்போல் தலைக்கவசம் மேசைமேல்.

"எதிர்வீட்டு சார் எங்கேடா?"

"எங்ககூடத்தான் வந்தாரு. நேரா வந்துட்டோம் அண்ணி. பாலத்துல எல்லாம் இப்ப யாரு நிக்கறா? அவர்தான் பறக்கறாரே."

"பாத்தியா நீ?"

"பின்னாடி யாரு திரும்பிப் பாக்கறா? சர்க்கரை போட்டீங்களா இதுல?"

எதிர்வீட்டு வாசல் கேட் அவர் திறந்துவிட்டுப் போனபடியே கிடந்தது. நான் இரண்டு தடவை கழுவிய தட்டை மூன்றாவது தடவை கழுவினேன். எட்டரைக்கு அந்த வீட்டில் போன் அடித்தது. சைக்கிளில் போகும்போது போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"எடுக்க மாட்டேங்கறாரே, குளிக்கறாரா?" என்று டீ டம்ளரோடு கொழுந்தன் என் பக்கத்தில் ஜன்னலுக்கு வந்தான். பார்த்துக்கொண்டே நின்றான். டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அண்ணி... அந்தப் புதுச் சக்கரம் இங்க இருந்தா, அவர் எதுல போனார்?"

போன் அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அடித்தது. அப்படி இரண்டாம் தடவை அடித்து நான் கேட்டதில்லை. எதிர் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த புதுச் சக்கரம், திட்டில் காய்கிற வாய்களுக்கு மேலே, காற்றுக்குக் கால் வட்டம் போவதும் திரும்புவதுமாக இருந்தது, சத்தமே இல்லாமல்.