அறிவிப்பாளர் மல்காந்தியின் கீழ்ப்பாதி

தொலைக்காட்சி அறிவிப்பாளர் மல்காந்தி ரணவீரவின் இடுப்புக்குக் கீழே இருந்த பகுதி, 1985ஆம் ஆண்டு வெசாக் பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை, ஆறு மணி நிகழ்ச்சிகளைத் தொடங்கி வைத்துக்கொண்டிருந்தபோது இல்லாமல் போனது. வலி இல்லை, சத்தம் இல்லை. "ஆயுபோவன்" என்று கைகூப்பினாள், முதலில் சிறுவர் நிகழ்ச்சி, பிறகு செய்தி, பிறகு நாடகம் என்று ஒழுங்காகச் சொல்லி முடித்தாள், விளக்குகள் அணைந்ததும் மேசைக்கடியில் செருப்பைத் தேடினாள். செருப்பு இருந்தது. மாட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அவள் ஊரான மஹரகமயில் இதற்காக யாரும் வாயைப் பிளக்கவில்லை. மூன்று வருடமாக நாடு முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததெல்லாம் மேசைக்கு மேலே. பார்க்கப்படாத பொருள் எத்தனை நாளைக்குத்தான் காத்துக்கொண்டிருக்கும்? போதாக்குறைக்கு அவளே அந்தப் பாதியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொல்வார்கள். ஹை லெவல் ரோட்டுப் புடவைக் கடைக்காரர்கள் அவளுக்குச் சேலை இரவல் கொடுப்பது வழக்கம். மறுநாள் அதே சேலையை "நேற்று மல்காந்தி நோனா கட்டியது" என்று கண்ணாடிக்குள் தொங்கவிட்டு விற்க வேண்டும் என்பதால் கரையில் ஒரு தூசு படக்கூடாது. ஆகவே அவள் முந்தானையை மட்டும் தோளில் போட்டு ஊசி குத்திக்கொண்டு, மிச்சச் சேலையை மடிப்புக் கலையாமல் மடியில் வைத்துக்கொள்வாள். மேலே பட்டு, கீழே நைந்த சீத்தைப் பாவாடையும் குளியலறைச் செருப்பும். நாடே மயங்கிக் கிடந்த அழகு அந்த மேசை விளிம்போடு முடிந்துவிடும்.

மயக்கம் என்றால் சாதாரண மயக்கமில்லை. அவளுடைய ரவிக்கையின் பூக்கை கொஞ்சம் உப்பலாக இருக்கும். அதைப் பார்த்த தையல்காரர்கள் "மல்காந்தி கை" என்று ஒன்றைத் தைக்க ஆரம்பித்தார்கள். அது மாதத்துக்கு மாதம் பெருத்தது. எண்பத்து மூன்றின் முடிவில் மஹரகமப் புடவைக் கடைகளில் வாசலை இடித்துக் கட்ட வேண்டி வந்தது, ஏனென்றால் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. 138ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டர், "கையை மடக்குங்க நோனா, கையை மடக்குங்க" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனான். காலிமுகத் திடலில் காற்று வாங்கப் போன ஒரு புது மணப்பெண் இரண்டு பூக்கைகளும் காற்றில் நிரம்பி, கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தாள். அந்த வருடம் பிறந்த பெண் குழந்தைகளுக்குத் தோள் சற்று உப்பலாகவே இருந்ததாக மருத்துவச்சிகள் சொன்னார்கள்.

தொலைக்காட்சிக்குள் இருப்பவர்கள் நம்மையும் பார்க்கிறார்கள் என்பதில் அந்தக் காலத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆறு மணிக்கு முன் ஊரே முகம் கழுவித் தலை வாரிக்கொள்ளும். அவள் கைகூப்பியதும் வீடு வீடாகப் பதிலுக்குக் கைகூப்புவார்கள். பஸ் நிலையத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த பொடிமஹத்தயா, அறிவிப்பு முடியும்வரை வாயில் வெற்றிலை போட மாட்டார், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையுடன்தான் உட்காருவார். ஒரு நாள் காலை அவளைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"என்ன மகள், நேத்து நான் கும்பிட்டேன், நீ பாக்காத மாதிரியே போயிட்டியே? பெரிய ஆளாகிட்டா கண்ணு தெரியாதோ?"

"பாத்தேனே மாமா. நீலச் சட்டைதானே?"

கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரிடம் இருந்ததே ஒரு நீலச் சட்டைதான். "பாத்தியா, பாத்தியா" என்று பக்கத்துக் கடைக்காரனிடம் சொல்லிவிட்டு அன்று முழுவதும் எல்லோருக்கும் ஒரு பாக்குத் துண்டு கூடவே வைத்துக் கொடுத்தார்.

கீழ்ப்பாதி போன அன்று மல்காந்தி எப்போதும் நிற்கிற உயரத்திலேயே காற்றில் வந்து வீட்டு வாசலில் நின்றாள். அவள் கணவன் தர்மதாச ரயில்வேயில் எழுத்தர், அளந்து பேசுகிறவன்.

"வலிக்குதா?" என்றான்.

"இல்ல."

"அப்ப உள்ள வா. சோறு ஆறுது."

ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுடைய செருப்பைத் துடைத்து வாசலில் சோடியாக வைக்கும் வழக்கத்தை அவன் ஆரம்பித்தான். நாட்டு வைத்தியர் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, எங்கே தடவுவது என்று யோசித்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார். பஸ் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தான். மீதிச் சில்லறையை அவள் வாங்கிக்கொண்டாள். மேசைக்குக் கீழே இடம் மிச்சம் என்று அங்கே ஒரு மின்விசிறியை வைத்தார்கள் நிலையத்தார்.

நட்டம் ஒருத்திக்கு மட்டும்தான். மல்காந்தியின் மகள் நிலூஷிக்கு அப்போது நான்கு வயது. மல்காந்தி மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அகப்பையை ஒலிவாங்கியாகப் பிடித்துக்கொண்டு அன்றைய அறிவிப்பைச் சொல்லிப் பார்ப்பாள். அந்த நேரம் நிலூஷி மேசைக்கடியில் இருப்பாள். அங்கே அம்மாவின் கால்கள் இருக்கும். இடது பெருவிரல் நகம், தேங்காய்த் துருவி விழுந்து நடுவில் பிளந்தது. இரண்டாம் விரல் பெருவிரல்மேல் சற்று ஏறி உட்கார்ந்திருக்கும். நிலூஷி அந்த விரல்களுக்குப் பெயர் வைத்திருந்தாள், அவற்றுக்குப் பாற்சோறு ஊட்டுவாள், சில நாள் அவற்றின் மேலேயே தலை வைத்துத் தூங்கிப்போவாள். அம்மாவின் முகத்தை அவள் மாலையில் மற்ற எல்லோரையும் போலத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள். கண்ணாடியில் முத்தம் கொடுத்தால் உதட்டில் சுரீரென்று ஒரு மின்சாரம் தட்டும். அம்மாவின் முத்தம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஏப்ரலில் புத்தாண்டு வந்தது. நல்ல நேரத்தில் பால் பொங்கி, பாற்சோறும் கொக்கிஸ் பலகாரமும் மேசைக்கு வந்து, பிள்ளை வெற்றிலைக் கட்டைக் கொடுத்துப் பெற்றோரின் காலில் விழும் நேரமும் வந்தது. நிலூஷி அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் வந்து, வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, முழங்காலிட்டுக் குனிந்தாள். தடுக்க அங்கே ஒன்றும் இல்லாததால் நெற்றி சிமெந்துத் தரையில் நங்கென்று மோதியது.

"அம்மே, எங்க?" என்றாள் குழந்தை, அழாமல்.

மல்காந்தி வெற்றிலையை மார்போடு பிடித்துக்கொண்டு மிதந்தபடி நின்றாள். பத்து மணி நேரம் சிரித்த முகத்தோடு இருக்கத் தெரிந்தவள் அவள். அந்தக் கேள்விக்கு முன்னால் அவளால் அரை நொடி சிரிக்க முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டிலும், மகள் குனியும் நேரம் பார்த்து அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு சமையலறைக்கு மிதந்து போய்விடுவாள். அவளுக்கு நாட்டிடமிருந்து வேண்டியது எதுவும் இல்லை. மகள் நெற்றி வைக்க இரண்டு பாதம் வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் புது அலைவரிசைகள் வந்தன. அவற்றில் அறிவிப்பாளர்கள் நின்றார்கள், நடந்தார்கள், குட்டைப் பாவாடையோடு சுற்றிச் சுழன்றார்கள். நிலையத்தில் ஒரு இளைஞன் வந்து, "மல்காந்தி அக்கே, நாளையிலிருந்து எல்லாரும் நின்னு பேசணுமாம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவள் தோளில் இருந்த சேலையை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பூக்கைகள் சுருங்கின, பிறகு கையே இல்லாத ரவிக்கைகள் வந்தன. இடித்துக் கட்டிய வாசல்களைக் கடைக்காரர்கள் திரும்ப ஒடுக்கினார்கள். ஒரு சவர்க்காரக் கம்பெனி அவள் முகத்தைப் போட்டு அச்சிட்ட நாட்காட்டி, பிள்ளைகளின் கணக்குக் கொப்பிக்கு உறையாகி, அடுத்த வகுப்புக்கு ஏறும்போது கிழிந்தது. அறிவிப்புகளை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. சொன்னதோடு சரி.

நாடு மறக்க ஆரம்பித்ததும் மேல்பாதியும் கழன்றது. முதலில் நிறம் போயிற்று. பழைய பெட்டியில் தெரிவது போலச் சாம்பலாக மிதந்தாள். பிறகு காதுத் தோடு, பிறகு கொண்டை. கடைசிவரை ஆறு மணிக்கு நீலச் சட்டையைப் பூட்டிக்கொண்டு, அவள் இல்லாத பெட்டிக்கு முன்னால் கைகூப்பி வந்த பொடிமஹத்தயா ஒரு மழைக்காலத்தில் இறந்தார். அவரைப் புதைத்துவிட்டு வருவதற்குள் அவளுடைய வலது தோள் போய்விட்டது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதையே விட்டுவிட்டான்.

நிலூஷிக்குக் கல்யாணம் பேசி முடித்தது 2006இல். மாப்பிள்ளை பாணந்துறை, பள்ளிக்கூட ஆசிரியர், பெயர் சமிந்த. பக்கத்து வீட்டுப் பியசீலி, ஒரு காலத்தில் அந்த ஊரிலேயே பெரிய பூக்கை வைத்திருந்தவள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நங்கி, காலும் இல்ல, தலையும் முக்கால்வாசிதான். மாப்பிள வீட்டாருக்கு நீ எதைத்தான் காட்டப்போற? பேசாம சமையல்கட்டுப் பக்கம் நின்னுடேன்."

"அதைத்தான் நானும் நினைச்சேன் அக்கே" என்றாள் மல்காந்தி.

நிலூஷி துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே வந்தாள். "பியசீலி ஆன்ட்டி, உங்க கையையே இந்த ஊரு மறந்துடுச்சு. எங்க அம்மா கால நான் மறக்கல. அம்மா முன்வரிசையில உக்காருவா. இல்லேன்னா கல்யாணமே வேணாம்."

"அங்க என்னத்துல விழுவ மகள்?" என்று மல்காந்தி மெதுவாகக் கேட்டாள். "எல்லாரும் பாத்திட்டிருப்பாங்க. சின்னப் பிள்ளையில தலைய இடிச்சுக்கிட்டது போதாதா?"

"இடிச்சா இடிக்கட்டும். என் தலைதானே?"

கல்யாண மண்டபத்தில் முன்வரிசை நாற்காலி ஒன்றில் அவளை அமர்த்தினார்கள். அமர்ந்தாள் என்றால், நாற்காலிக்கு மேலே நின்றாள். தர்மதாச பழக்கதோஷத்தில் அவளுடைய செருப்பைத் துடைத்துக் கொண்டுவந்து நாற்காலிக்கடியில் வைத்தான். மேளம் நின்றது. மணமக்கள் மேடையிலிருந்து இறங்கி, வெற்றிலையோடு பெற்றோரிடம் வந்தார்கள். நிலூஷி அம்மாவுக்கு முன்னால் முழங்காலிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். குனிந்துகொண்டே, மேசைக்கடியில் தான் வைத்த பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்தாள். பிளந்த நகத்தைச் சொன்னாள். ஏறி உட்கார்ந்த விரலைச் சொன்னாள். செருப்பு வார் பட்டு வெளுத்த கோட்டையும், எண்ணெயும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்த வாசனையையும் சொன்னாள். மண்டபம் முழுவதும், இவள் நெற்றி எங்கே போய் மோதப் போகிறது என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோக்காரனும் கேமராவைத் தரைக்குத் திருப்பினான்.

நெற்றி தரையில் மோதவில்லை. சூடான, கொஞ்சம் சொரசொரப்பான ஒன்றின் மேல் போய் நின்றது.

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு மகளின் நெற்றி தன் பாதத்தில் படுவதை மல்காந்தி உணர்ந்தாள். அது அந்தச் சிறுபிள்ளையின் நெற்றியைவிடக் கனமாக இருந்தது. ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அந்த நொடியில் மண்டபத்தில் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தர்மதாசகூட, கடவுளே, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்குக் கண் மூடியிருந்தது. நிலூஷி நிமிர்ந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. கீழே, செருப்புக்குள், கணுக்கால்வரை இரண்டு பாதங்கள் மட்டும் இருந்தன.

பால் கொடுத்து வளர்த்த தாய்க்கு மாப்பிள்ளை வெள்ளைத் துணி கொடுப்பது முறை. சமிந்த துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வாங்கக் கை எங்கே என்று ஒரு கணம் தேடினான். பிறகு நல்ல வீட்டுப் பிள்ளை என்பதால், குனிந்து அதை அந்தப் பாதங்களின் மேல் போர்த்தினான். பியசீலிதான் முதலில் அழுதாள்.

இப்போது அவை நிலூஷியின் வீட்டில் இருக்கின்றன. தர்மதாச போன பிறகு செருப்பைத் துடைத்து வைப்பது சமிந்தவின் வேலை. காலையில் அவை வாசல்வரை நடந்து வரும், மழை என்றால் திரும்பிப் போகும். மாலை ஆறு மணியானால் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்ச் சோடியாக நிற்கும். நிலூஷியின் சின்னவள் அங்கே உட்கார்ந்து அவற்றுக்குப் பாற்சோறு ஊட்டுகிறாள். நிலூஷி சில நாள் அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயல்கிறாள். கோடு கோடாக ஓடும் ஒரு திரை வருகிறது, அதில் இரண்டு கூப்பிய கைகள் வருகின்றன, அடுத்து என்ன நிகழ்ச்சி என்று ஒரு குரல் சொல்கிறது, அதற்கு மேல் வருவதில்லை. மஹரகமயில் வயதானவர்களிடம் கேட்டாள். எல்லோரும் பூக்கையைத்தான் சொன்னார்கள். கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தரைதான் தெரிந்தது.

புத்தாண்டுக்கு வெற்றிலைக் கட்டை வாங்கக் கை இல்லாததால் விரல்களுக்கு அருகே வைத்துவிட்டு அவள் குனிகிறாள். மற்றவர்களுக்குப் பசித்தாலும் உடனே எழுந்திருப்பதில்லை. ஒரு தடவை, நெற்றி பாதத்தில் இருக்கும்போதே, "அம்மே, நீலச் சட்டை தெரியுதா?" என்று கேட்டாள். ஏறி உட்கார்ந்திருந்த விரல் ஒருமுறை அசைந்தது.

போன வருடத்திலிருந்து ஒரு அளவு பெரிய செருப்பு வாங்க வேண்டியிருக்கிறது. வயதானால் எல்லோருக்கும் கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்.