முழுக்கை

"முழுக்கையைக் கொஞ்சம் கூப்பிடும்மா, இந்தக் காலர் அளவு சரியில்ல" என்றேன். இஸ்திரி போடுகிற பெண் கையிலிருந்த பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டாள். ஒரு பேன்ட்டின் முட்டி கருகி வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், கல்யாணமாகி ஆறு மாதம். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களுமா அவரை அப்படிக் கூப்பிடுவீங்க?"

"பின்ன? பத்தொம்போது வருஷமா எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க."

"எதுக்கு அந்தப் பேருன்னு தெரியுமா?"

"முழுக்கைச் சட்டை அவர் மாதிரி யாருக்கும் வெட்ட வராது. அதுக்குத்தான்."

அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் ஆண்களின் மிஷின்கள் ஓடுகின்றனவா என்று காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அது சட்டைக் கை இல்லக்கா. இந்தப் பக்கத்து வழக்கப்படி ஆம்பளைங்களுக்குச் சின்ன வயசுல முன்தோலை எடுத்துடுவாங்கல்ல. எடுத்தவங்க அரைக்கையாம். எடுக்காதவங்க முழுக்கையாம். இங்க மிஷின்ல இருக்காருல்ல எங்க வீட்டுக்காரர், அவர்தான் சொன்னாரு. அவருக்குச் சின்னதுலயே எடுத்தாச்சு. அதுல பெருமைப்படவும் ஒண்ணுமில்ல, சிரிக்கவும் ஒண்ணுமில்ல, அந்தம்மா பாவம், தெரியாம கூப்பிடுறாங்கன்னு வருத்தப்பட்டாரு."

நான் ஊசியை எங்கே குத்தி வைத்தேன் என்று தேடினேன். என் விரலிலேயே குத்தி நின்றது.

அந்த முழுக்கை என் வீட்டுக்காரர்தான், எங்கள் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். நான் கைவேலை: பட்டன், மடிப்பு, கோட்டு லைனிங். அந்தப் பெயரை வைத்தது கோட்டு மாஸ்டர் என்பது எனக்கு எப்போதும் தெரியும். எதைப் பார்த்து வைத்தார் என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது. கம்பெனி தொடங்கிய வருஷம் ஆண்களை எல்லாம் உடல் பரிசோதனைக்கு வரிசையாகத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்களாம். இவருக்குப் பின்னால் நின்றது கோட்டு மாஸ்டர். அந்த வரிசையில் முழுசாக இருந்தது இவர் ஒருவர்தான். மறுநாள் காலையில் பெயர் வந்துவிட்டது. ஊர்த் துணியை எல்லாம் வெட்டுகிறவன், தனக்கு வெட்டிக்கொள்ளவில்லை என்று கூடவே ஒரு நக்கலும் வந்தது. நான் அதற்கு ஒரு மாதம் கழித்து வேலைக்குச் சேர்ந்தேன். யார் எனக்குச் சொல்வார்கள்?

தினமும் காலையில் கோட்டு மாஸ்டர் கேட்பார், "என்ன தங்கச்சி, முழுக்கை எப்படி இருக்கான்?" நான் சொல்வேன், "முழுக்கைக்கு என்னண்ணே குறைச்சல், நல்லா இருக்காரு." மிஷின்கள் எல்லாம் சேர்ந்தாற்போல நிற்கும், ஒரு சிரிப்பு எழும், மறுபடி ஓடும். என்ன பாசமான மனுஷர்கள், என்னைப் பார்த்தாலே சிரித்த முகமாகிவிடுகிறார்களே என்று வீட்டுக்குப் போய்ச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒருநாள் பேச்சுவாக்கில், "எனக்கு முழுக்கைதான் பிடிக்கும், அரைக்கை ஆகவே ஆகாது" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். காஜா போடுகிறவர் புரையேறி வெளியே ஓடினார். நானே பின்னால் ஓடித் தண்ணீர் கொடுத்தேன்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்கு நான் தைத்துக் கொடுத்தது முழுக்கைச் சட்டை. பெயருக்கு ஏற்ற மாதிரி இருக்கட்டுமே என்று. பத்தொன்பது சட்டை. வெயில் கொதிக்கிற மாதத்திலும் மணிக்கட்டு வரை பட்டன் போட்டுக்கொண்டு, அந்தக் கூட்டத்தின் நடுவே அந்தச் சட்டையோடு போய் நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் அவர் முகம் கழுவி வந்ததும் கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

எதை என்று அவர் கேட்கவில்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டார். "என்னன்னு சொல்றது?"

"சட்டையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல."

"நல்ல தையல். எதுக்கு வேணாங்கணும்?"

"விளையாடாதீங்க. எத்தன வருஷம் உங்களுக்கு உள்ள எரிஞ்சிருக்கும்."

"மொத ரெண்டு வருஷம் எரிஞ்சுது. எடுத்துடலாம்னு டாக்டர்கிட்டயே போயிட்டேன். நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப. பார்த்துட்டு, வலி இருக்கா, எரிச்சல் இருக்கா, பொண்டாட்டி ஏதும் சொன்னாங்களான்னு கேட்டாரு. எதுவும் இல்ல, வேலை செய்யற இடத்துல சிரிக்கிறாங்க சார்னேன். சிரிக்கிறதுக்கெல்லாம் நான் ஆபரேஷன் பண்றதில்லன்னு அனுப்பிட்டாரு." அவருக்கே சிரிப்பு வந்தது. "பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். சுத்தமா வெச்சிருக்கேன், ஒரு நாளும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல. இருக்கறபடியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதோட ஆறிடுச்சு."

அவருக்கு ஆறிவிட்டது. எனக்குப் பத்தொன்பது வருஷமும் அன்றைக்கு ஒரே நாளில் நடந்தது. கட்டிக்கொண்டு வாழ்கிற எனக்குத் தெரியாத குறையை எவனோ ஒருவன் திரைக்குப் பின்னால் நின்று கண்டுபிடித்தானாம். அதைத் தினமும் என் வாயாலேயே சொல்லவைத்துக் கேட்டானாம். தங்கச்சி என்று கூப்பிட்டுக் கேட்டானாம். நாளைக் காலையிலும் கேட்பான். எந்த முகத்தோடு நான் பதில் சொல்வது?

மறுநாளும் கோட்டு மாஸ்டர் கேட்டார். "நல்லா இருக்காருண்ணே" என்றேன். மிஷின்கள் நின்றன, ஓடின. நான் மடியில் இருந்த கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோட்டு மாஸ்டரின் சொந்தக் கோட்டு. ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா. கண்ணில் புரை விழுந்துவிட்டதால் தன் கோட்டைத் தானே தைக்க முடியவில்லை. வெட்டியது என் வீட்டுக்காரர். கைவேலை நான்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்தக் கோட்டின் இரண்டு கைகளையும் அக்குளிலிருந்து முதுகுப் பக்கமாகப் பிரித்தேன், லைனிங்கோடு. தோள் மேல் தையலைத் தொடவில்லை. தொங்கவிட்டால் தெரியாது, நடந்தால் தெரியாது, கையை விரித்தால்தான் பிரியும். பிரித்த இடத்தை மெல்லிய நூலில் அங்கங்கே பிடித்து வைத்தேன். நாற்பது வருஷத்தில் அவ்வளவு அழகாக ஒரு மோசமான தையலை நான் போட்டதில்லை.

ஒன்றை மறந்துவிட்டேன். எந்தக் கோட்டும் வெளியே போகுமுன் என் வீட்டுக்காரர் மேஜைக்கு வரும். கட்டைவிரலைத் தையல் மேல் ஓட்டிப் பார்ப்பார். தோளிலிருந்து கீழே இறங்கிய விரல் அக்குளில் நின்றது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஒரு கைக்கு எத்தன பிடி?"

"ஆறு."

மற்ற கையையும் தடவிப் பார்த்தார். பிரித்துத் திரும்பத் தை என்று சொல்லப்போகிறார், சொன்னால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று நான் அவர் எதிரே போய் நின்றேன். அவர் நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்தார்.

"ஆறு ஜாஸ்தி" என்றார். ஒவ்வொரு கையிலும் மூன்றை வெட்டினார்.

"ஆறிடுச்சுன்னு சொன்னீங்க."

"என் விஷயம் ஆறிடுச்சு. உன் வாயால சொல்லவெச்சுச் சிரிச்சான்ல, அது ஆறல." கோட்டை மடித்துப் பையில் வைத்தார், சுருக்கம் விழாமல்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்துக் கூடம் நிறைந்திருந்தது. நான் மூன்றாவது வரிசையில், என் பக்கத்தில் இஸ்திரிப் பெண்ணும் அவள் புருஷனும். என் வீட்டுக்காரர் கம்பெனி ஆட்களோடு ஓரத்து நாற்காலியில். கோட்டு மாஸ்டர் மேடையில் கம்பீரமாகத்தான் இருந்தார். சொல்லக்கூடாது, வெட்டு அப்படி. இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, தலைவர் பேசியதையும் செயலாளர் பேசியதையும் கேட்டார். கேடயத்தைக்கூட மேஜை மேலேயே வைத்துத் தொட்டுக் கொடுத்தார்கள். கை ஒருமுறைகூட மேலே எழவில்லை. பிறகு அவரே மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கோட்டு யாரு வெட்டினது தெரியுமா? நம்ம முழுக்கை. எங்கேப்பா முழுக்கை, எழுந்திரு, எல்லாரும் பார்க்கட்டும்."

கம்பெனி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அந்தச் சிரிப்பு எழுந்தது. விஷயம் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். இஸ்திரிப் பெண்ணின் புருஷன் சிரிக்கவில்லை. காஜா போடுகிறவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன், அவர் பார்வையை எடுக்கிற வரை.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "இருக்கேன் மாஸ்டர்" என்றார், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "முழுசாத்தான் இருக்கேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல."

சிரிப்பு இடறியது. சிலர் தொடர்ந்தார்கள், சிலர் நிறுத்திவிட்டார்கள். மேடையில் கோட்டு மாஸ்டருக்குக் கூட்டம் கையைவிட்டுப் போவது தெரிந்திருக்க வேண்டும். "அட, கோவமாடா? வாடா மேல, வா, வா" என்று மைக்கைக் கீழே வைத்தார்.

இவர் நாற்காலிகளுக்கு நடுவே நிதானமாக நடந்து போனார். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. மேடையின் முதல் படியில் கால் வைக்கும்போதே கைகள் இரண்டையும் அகலமாக விரித்துவிட்டார். முகத்தில் அவ்வளவு சிரிப்பு. கோட்டு மாஸ்டரும் சிரித்துக்கொண்டே, வயிற்றின் மேல் கோத்திருந்த விரல்களைப் பிரித்தார்.