மழைக்கோட்டுக்குள் அப்பாவின் குரல்

காப்பீட்டு அலுவலகத்தில் ஹென்னிங் காதில் ஒயரை மாட்டியபடி உட்கார்ந்திருந்தான். அவன் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டல்ல. ஐந்து வயது மகள் விப்கேயின் மழைக்கோட்டுக் காலருக்குள் தன் கையாலேயே தைத்து வைத்த தீப்பெட்டி அளவுக் கருவி வழியாக, காட்டு மழலையர் பள்ளியில் அவள் விடும் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். இவன் பேசினால் அங்கேயும் கேட்கும். இப்படி ஒட்டுக்கேட்கும் சாமானை விற்பதே ஜெர்மனியில் குற்றம். ஆனால் அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் எந்த அக்கிரமமும் செய்யலாம் போலிருக்கிறது.

அந்தப் பிள்ளை வீட்டில் நடந்து பழகியதைவிடப் பயந்து பழகியதுதான் அதிகம். ஓடாதே, பல்லு போயிடும். ஊஞ்சல் வேணாம், கை ஒடியும். இதைப் பொறுக்க முடியாமல்தான் அவள் அம்மா சண்டை போட்டுக் காட்டுப் பள்ளியில் சேர்த்தாள்.

அங்கே சுவர் கிடையாது. மழை வந்தால் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நடப்பார்கள். ஒரு விதி உண்டு: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையையும் மரத்தில் தூக்கி விடக்கூடாது. தானாக ஏற முடிந்தால் ஏறலாம். இறங்குவதும் தன் பாடு.

சேற்றோடைக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. மற்ற பிள்ளைகள் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போய், வட்டமாக உட்கார்ந்து காலை ரொட்டி தின்பார்கள். விப்கே மட்டும் இக்கரையில், ஆசிரியை கேசாவின் பக்கத்தில் உட்கார்ந்து தின்பாள். தின்னும்போதெல்லாம் கண் அக்கரையிலேயே இருக்கும்.

அன்று அவள் ரொட்டி டப்பாவைப் பைக்குள் போட்டுவிட்டு மரத்தின் மேல் ஏறினாள். முதலில் தவழ்ந்தாள். பிறகு மெல்ல எழுந்து நின்றாள்.

"விப்கே மரத்து மேல நிக்கிறாடா!" அக்கரையில் மால்டே என்ற பையன் துள்ளினான்.

"கத்தாதே. அவ காலைப் பாத்து நடக்கட்டும்" என்றாள் கேசா.

பாதி மரம் கடந்துவிட்டாள். அப்போது அவள் கழுத்துக்குள்ளிருந்து ஆண் குரல் ஒன்று வெடித்தது.

"விப்கே! இறங்கு! விழுந்துடுவே!"

அவள் குனிந்து பார்த்தாள். கால் வழுக்கியது. அடுத்த நிமிடம் முழங்கால் வரை சேற்றில் நின்றாள்.

"விப்கே, உன் கோட்டு பேசுது!" என்று மால்டே அலறினான். யாரும் சிரிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஹென்னிங் அலுவலகத்திலிருந்து பளபளப்பான ஷூவோடு சேற்றில் வழுக்கி ஓடி வந்தபோது, கேசா காலரைப் பிரித்துக் கருவியைக் கையில் வைத்திருந்தாள்.

"பிள்ளை விழுறதை வேடிக்கை பாக்கவா உங்களுக்குச் சம்பளம்?" என்று பாய்ந்தான்.

"பாதி தூரம் நல்லாத்தான் போனா. இத்தனை பிள்ளைங்க பேச்சையும் ஒளிஞ்சு கேட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

"என் பிள்ளை! நான் பயப்படாம வேற யாரு பயப்படுவா?"

அழுதுகொண்டிருந்த விப்கே மூக்கைத் துடைத்தாள்.

"எனக்குப் பயமே இல்லப்பா. நீ பேசினப்புறம்தான் வந்துச்சு."

ஹென்னிங் கேசாவின் கையிலிருந்த கருவியைப் பார்த்தான்.

"நான் திரும்பப் போறேன். நீ பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் சேற்றுக் காலோடு மரத்தில் ஏறினாள். அவனுக்கு ஓடிப்போய்ப் பிடிக்கக் கை பறந்தது. அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். நடுவில் ஒருமுறை தள்ளாடினாள். நின்றாள். தானாகவே நிதானித்து மேலே நடந்தாள். அக்கரையில் மால்டே நகர்ந்து இடம் விட, டப்பாவைத் திறந்து மற்றவர்களோடு தின்ன ஆரம்பித்தாள். அப்பாவை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஹென்னிங் வாயிலிருந்து கையை எடுத்துக் கேசாவிடம் நீட்டினான்.

"அதைக் குடுங்க. பயம் அவளோடது இல்ல, என்னோடது. அதைப் போய் அவ கோட்டுல வெச்சுத் தெச்சிருக்கேன். பெத்தவங்க பயத்தைப் பிள்ளைங்க சுமக்கக்கூடாதுங்க. இனிமே நானே சுமந்துக்கறேன்."